கவுடர் வீட்டு அழுகை

"எந்திரி மே. கங்கப்பன் வந்து நிக்கறான்."

சூசானம்மா அடுப்பை விட்டு அசையவில்லை. பானையில் ராகி மாவு இறுகிக்கொண்டிருந்தது. களிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள்.

"காதுல உழுந்துச்சா? பெரிய கவுடரு போயிட்டாராம். பொம்பளைங்க அல்லாரும் வரணுமாம். நீதான் மொதல்ல எடுக்கணுமாம்."

"உழுந்துச்சு."

"அப்பறம்?"

"களி கிண்டறன். கண்ணு தெரியல?"

மாதப்பன் மனைவியின் முதுகைப் பார்த்தபடி நின்றான். மகன் செத்த நாளிலிருந்து அவன் அந்த முதுகிடம்தான் பேசிக்கொண்டிருந்தான்.

தளிக்கும் மைசூர் எல்லைக்கும் நடுவில் இருந்த அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கவுடர் வீட்டில் சாவு விழுந்தால் சேரிப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து, தலையை அவிழ்த்துப் போட்டு, மாரடித்துப் பாடி அழ வேண்டும். வாசற்படி ஏறக் கூடாது. பிணம் கிளம்பும்வரை எழவும் கூடாது. பெரிய வீட்டுப் பெண்கள் தெருக் கேட்க வாய்விட்டு அழுதால் கௌரவக் குறைச்சல். ஆகவே சாணி அள்ள ஆள் வைத்ததுபோல அழுவதற்கும் ஆள் வைத்திருந்தார்கள். தீண்டாமை குற்றம் என்று தில்லியில் சட்டம் போட்ட மறு வருஷம் இது. சட்டம் ஓசூர் வரை பஸ்ஸில் வந்திருக்கலாம். அதற்குமேல் நடக்க வேண்டும். நடக்கவில்லை.

சேரியில் பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்திருந்தார்கள். இப்போது செத்துப்போன சென்னப்ப கவுடர் அதைத் தடுக்கவில்லை. எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, செத்த மாட்டை இழுக்க வந்தால் சரி என்று விட்டுவிட்டார். ஞானஸ்நானம் வாங்கி சூசானம்மா ஆன பிறகும் அவள் ஊருக்குக் கெம்பிதான். அவளுடைய குரலும் ஊருடையதுதான். அவள் ஒப்பாரி எடுத்தால் வழியோடு போகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பான்.

அவளுக்கு ஒரே மகன், தானியேல். போன மாசம் கவுடரின் மாந்தோப்புக் கிணற்றில் பாறைக்கு வெடி வைத்தார்கள். ஒரு குழி வெடிக்கவில்லை. ஆறட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றான் வெடிக்காரன். ஒரு நாள் வேலை வீணாகிறதே என்று கவுடர் தானியேலை இறங்கிப் பார்க்கச் சொன்னார். அவன் கயிற்றில் பாதி தூரம் இறங்கியபோது வெடித்தது. கவுடர் கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். கிணற்றுக்குத் தீட்டுப் பட்டுவிட்டது என்றார். மறுநாள் பூசாரியை வரவழைத்து, கிடா வெட்டி, சாந்தி செய்தார். கிணற்றுக்கு.

அடக்கத்தன்று சூசானம்மா மாரில் கையை ஓங்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். சேரியில் சபை நடத்தும் சற்குணம் உபதேசியார் குறுக்கே கையை நீட்டினார். "மாரடிக்கக் கூடாதும்மா. நம்பிக்கை இல்லாதவங்கதான் அப்படி அழுவாங்க. தானியேல் தூங்கறான். கடைசி நாள்ல எக்காளம் கேட்டா எழுந்துருவான்." அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கீர்த்தனை பாடச் சொன்னார், பாடினாள். மகனுக்கு எடுக்க வேண்டிய அழுகை அப்படியே நெஞ்சுக்குள் கிடந்தது.

கங்கப்பன் கவுடர் வீட்டுப் பண்ணையாள். சேரிக்குள் கால் வைக்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "என்னா கெம்பி, வேதத்துல சேந்ததும் தொண்ட அடச்சிக்கிச்சா?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "என் ஊட்டுல எழவு உழுந்தப்ப உங்க தெருவுல இருந்து ஒரு நாயாச்சும் வந்துச்சா கங்கப்பா?"

"அந்த எழவும் இந்த எழவும் ஒண்ணா? வாய அடக்கு. ஏசு ஏசுன்னு கத்துனியே, உன் மவனக் காப்பாத்துனாரா? எங்க மாரம்மாவ உட்டுட்டுப் போனதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்ட."

"உங்க மாரம்மா கோயிலுக்குள்ள எங்கள என்னிக்கு உட்டீங்க, நாங்க உட்டுட்டுப் போறதுக்கு?"

கங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "சீக்கிரம் வந்து சேருங்க. நாத்தம் எடுக்கறதுக்குள்ள," என்று சொல்லிவிட்டு, சொன்னது யாரைப் பற்றி என்று உறைத்ததும் வேகமாக நடந்தான்.

பக்கத்துக் குடிசை வெங்கடம்மா சிரித்துவிட்டாள். அவள் வேதத்தில் சேராதவள். "அந்தாளு உசுரோட இருந்தப்பவும் நம்மள அழ வெச்சான், செத்தும் அழ வெக்கறான் பாரு. ஆனா ரோசன பண்ணிக்க கெம்பி. அழலன்னா தண்ணிக்கு வழியில்ல. சேரிக் கெணறும் அவன் நெலத்துலதான் கெடக்குது. உன் சாமிய ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

"கேக்காத நாளு இல்லக்கா. ஏன் எடுத்துக்கிட்டன்னு திட்டிக்கூடக் கேட்டன். பதுலு சொல்ல மாட்டேங்கறாரு. ஆனா எந்திரிச்சிப் போவல. எதுத்தாப்புலயே ஒக்காந்திருக்காரு. அவரும் மவனக் கொல்லக் குடுத்தவருதான."

உபதேசியார் குடையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"சூசானம்மா, தட்டாம போயிட்டு வந்துரும்மா. கவுடர் மகன் பெங்களூர்லேருந்து வந்துட்டார். நம்ம பள்ளிக்கூடக் கொட்டகை அவங்க மனையில நிக்குது. ஒரு பேச்சுல பிரிச்சுப் போட்டுருவாங்க."

"மாரடிக்கக் கூடாதுன்னீங்களே அய்யா."

"அது நம்ம வீட்டுச் சாவுக்கும்மா."

"எம் மவனுக்கு அழுதாப் பாவம். எம் மவனக் கொன்னவனுக்கு அழுதாப் புண்ணியமா?"

உபதேசியார் குடையின் பிடியைத் தடவினார். அவர் கெட்டவர் அல்ல. எதிர்த்து நின்றால் எதை இழப்போம் என்று மட்டுமே யோசிக்கத் தெரிந்த நல்லவர். இப்படிப்பட்ட நல்லவர்களின் தோளில்தான் கெட்ட வழக்கங்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

"வர்றன்," என்றாள் சூசானம்மா. "சாவுக்குப் போறது பாவமில்ல."

கவுடர் தெருவில் பனி இன்னும் விலகவில்லை. வாசலில் கவுடர் மகனின் கார் நின்றது. மாதப்பனும் சேரி ஆண்களும் குழி வெட்ட மண்வெட்டியோடு ஓரமாக நின்றார்கள். பெண்கள் வழக்கம்போல ஈர மண்ணில் வட்டமாக உட்கார்ந்து தலையை அவிழ்த்தார்கள். சூசானம்மா எடுக்க வேண்டும், மற்றவர்கள் தொடர வேண்டும். அவள் நடுவில் உட்கார்ந்தாள். தன் கூந்தலை இழுத்து இறுக்கி முடிந்துகொண்டாள். கையை மடியில் வைத்தாள்.

பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் சாவன்று என்ன நடக்கும் என்பது முதல் முறையாகத் தெருவுக்குக் கேட்டது. இத்தனை வருஷமும் சேரிப் பெண்களின் அழுகை அதை மூடி வைத்திருந்தது. மாந்தோப்பு யாருக்கு, தண்ணீர்ப் பாசனம் உள்ள கழனி யாருக்கு என்று மகனும் சித்தப்பனும் பேசிக்கொண்டது கேட்டது. கிழவரின் அரைஞாண் கொடியைக் கழற்றியது யார் என்று இரண்டு மருமகள்கள் அடிக்குரலில் கடித்துக்கொண்டது கேட்டது. எவளோ ஒருத்தி களுக்கென்று சிரித்ததும் கேட்டது.

"எடுடி கெம்பி!" என்றான் கங்கப்பன்.

கவுடர் மகன் வெளியே வந்தான். "இவங்க என்ன, வேடிக்கை பாக்க வந்தாங்களா?"

உபதேசியார் பதறிப்போய்க் குனிந்து அவள் காதருகில் சொன்னார். "அழுகிறவங்களோட சேர்ந்து அழணும்னு வேதம் சொல்லுதில்லம்மா?"

அவள் காதோடு பேசவில்லை. தெருக் கேட்கவே சொன்னாள்.

"சொல்லுதுங்க அய்யா. நானும் அப்பப் புடிச்சுக் காது குடுத்துக் கேக்கறன். உள்ள ஒருத்தரும் அழலயே. யாரோட சேந்து அழுவறது?"

வெங்கடம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கவுடர் மகனின் முகம் கறுத்தது.

"ஜெபம் பண்ணச் சொல்லுங்க, பண்றன்," என்று சூசானம்மா மண்டி போட்டாள். கண்ணை மூடவில்லை. நடையில் கிடந்த பிணத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆண்டவரே, இந்த மனுசன் எம் புள்ளைய வெடிக்காத குழிக்கு எறக்கி உட்டாரு. நீரு பாத்தீரு. மன்னிக்கணும்னு சொல்லியிருக்கீரு. எனக்கு இன்னும் வரல. வராதத வந்துச்சுன்னு பொய்யாச் சொல்ல மாட்டன். இவர ஒம்ம கையில உடறன். எம் புள்ளையும் அங்கதான் இருக்கறான். ரண்டு பேரையும் எதுத்தெதுத்தாப்புல நிக்க வெச்சிக் கேளும். ஆமென்."

பெண்கள் முணுமுணுப்பாக ஆமென் என்றார்கள். வேதத்தில் சேராதவர்களும் சொன்னார்கள். ஆண்கள் பக்கமிருந்து ஒரே ஒரு ஆமென் உரக்க வந்தது. மாதப்பனுடையது. சொன்னபின் அவன் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"போங்கடா எல்லாரும்!" என்று கத்தினான் கவுடர் மகன். "சேரிக் கெணத்த மூடு. அந்தக் கொட்டகையப் பிரிச்சுப் போடு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆளு கெடைக்காதா?"

கிடைத்தார்கள். கார் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. ஆட்களை அதில் ஏற்றினால் தீட்டாயிற்றே, அவர்கள் பின்னால் மாட்டு வண்டியில் வந்தார்கள். அதுவரை கவுடர் காத்துக் கிடந்தார்.

மத்தியானம் சூசானம்மாவும் வெங்கடம்மாவும் ஓடைத் தண்ணீருக்குக் குடத்தோடு புறப்பட்டார்கள். தெருமுனையில் அந்த வண்டி வந்து நின்றது. எந்த ஊரோ, அந்த ஊரின் சேரிப் பெண்கள். முதலில் இறங்கிய கிழவி தலையை அவிழ்த்துக்கொண்டே சூசானம்மாவிடம் செத்தவர் பேரைக் கேட்டாள்.

"சத்தவரு யாரவ்வா? ஹெசரேனு?"

"சென்னப்ப கவுடரு."

கிழவி மறந்துவிடாமல் இருக்க இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சூசானம்மா அவள் முகத்தையே பார்த்தாள். ஒப்பாரிக்காரிக்கு ஒப்பாரிக்காரியைத் தெரியும்.

"உனக்கு யாரு தாயி போனாங்க?"

கிழவியின் கை கூந்தலில் அப்படியே நின்றது. "மகளு," என்றாள். "புட்டம்மா. பாணந்தி." பிள்ளை பெற்ற வீட்டிலேயே போய்விட்டாள் என்று கையால் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கங்கப்பன் கூப்பிடுகிற சத்தம் கேட்டுத் தெருவுக்குள் ஓடினாள்.

"சென்னப்பா, நன்ன தந்தே, நம்மன்ன பிட்டு ஹோதெயா!"

என் அப்பனே, எங்களை விட்டுப் போனாயா என்று மாரில் அறைந்துகொண்டு மண்ணில் விழுந்தாள். பேர் கவுடருடையது. கண்ணீர் புட்டம்மாவுடையது.

உள்ளே மூத்த மருமகளுக்கு மூச்சு வந்தது.

"அப்பாடா, சத்தம் வந்துருச்சு," என்றாள். "பக்கத்தூட்டுல காப்பி வெக்கச் சொல்லுங்க."