சட்டத்துக்கு உட்பட்ட வேகம்

பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு மாதா கோயில் திருநாளுக்கு வள்ளப் போட்டி வைப்பதென்று பங்குச் சபை முடிவெடுத்தது. இராணுவ முகாம் அதிகாரி ஒரேயொரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஓடும் எஞ்சின் எதுவும் பத்துக் குதிரைவலுவைத் தாண்டக் கூடாது. நிபந்தனை புதியதல்ல. மன்னார்த் தீவின் அந்தக் கரையில் சண்டைக் காலம் முழுக்க இருந்த சட்டம்தான். போர்நிறுத்தம் வந்து இரண்டாம் வருடமாகியும் அதை எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பஸ்ரியனுக்கு அந்தப் போட்டியில் வேறொரு காரியம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன், யாருடையதென்று விசாரிக்காமல் ஓர் எஞ்சினைத் திருத்திக் கொடுத்தான். அது போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று வருடம் தெற்கே தடுப்புக் காவலில் கிடந்துவிட்டு வந்தவனுக்கு, எஞ்சினில் கைவைக்க முகாமின் அனுமதிக் கடிதம் கிடைக்கவில்லை. மீன் வாடியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். கரையில் எஞ்சின் பழுதானால் ஆட்கள் அவனுடைய படலையைக் கடந்து அதை மன்னார் டவுனுக்குத் தூக்கிப் போனார்கள்.

பாதர் அவனுக்காகப் பேசப் போனபோது அதிகாரி சொல்லியனுப்பியிருந்தார்: போட்டிக்கு ஓர் எஞ்சினை அவன் தயார் செய்யட்டும். முதலாவதாக வரும் எஞ்சினை நான் கழற்றிப் பார்ப்பேன். அது அவன் கைபட்டதாக இருந்து, ஓர் ஆணிகூடச் சட்டத்துக்குப் பிழையில்லாமல் இருந்தால் கடிதம் தருவேன்.

வெல்லவும் வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

ஓடப்போவது மனைவி மதலேனாவின் தம்பி அமிர்தநாயகத்தின் வள்ளம். அவன் வந்து எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான்:

"அத்தான், பத்தும் பதினைஞ்சும் ஒரே உடம்புதானே. பதினைஞ்சின்ர பெட்டியைப் பூட்டிவிடுங்கோ. வெளியால பார்த்தா மாதாவுக்கும் தெரியாது."

பெட்டி என்று அவன் சொன்னது உள்ளங்கையளவு கறுப்புச் சாமானை. எஞ்சினின் மூளை அது. எந்தக் கணத்தில் தீப்பொறி அடிக்க வேண்டும், சுழற்சி எவ்வளவுக்கு ஏறலாம் என்பதெல்லாம் அதற்குள் எழுதியிருக்கும். கரையில் அதை சீடிஐ என்பார்கள்.

"நம்பர் அடிச்சிருக்கடா அதில."

"சுரண்டினால் போச்சு."

"சுரண்டின நம்பரைப் பார்த்து என்னை ஆசீர்வதிப்பினமே? மூண்டு வருசம் போய் இருந்து பார், அப்ப சுரண்டுவாய்."

கதிரையைக் கொண்டுவந்து போட்ட மதலேனா தம்பியை முறைத்தாள். "உனக்குப் போட்டி. இந்த மனிசனுக்குச் சீவியம். வாயை மூடிக்கொண்டு அவர் சொல்லுறதைச் செய்."

எருக்கலம்பிட்டிக்குப் பஸ்ரியன் சைக்கிளில் போனான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேற்றும்வரை அங்கே உதிரிப்பாகக் கடை வைத்திருந்த கலந்தர் நானா புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டின் ஓர் அறைக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பத்துக் குதிரை எஞ்சினின் பாகங்கள் அத்தனையும் இலக்கத்தோடு அச்சான புத்தகம் இருந்தது.

"இதையா கொண்டு போனீங்கள் நானா?"

"வீட்டு உறுதிப் பத்திரம் எண்டு நினைச்சு எடுத்தன் தம்பி. அந்த அவசரத்தில ரெண்டு உறையும் ஒரே மாதிரிக் கிடந்தது. புத்தளத்தில போய்த் திறந்து பார்த்தா எஞ்சின் படம். மனிசி உம்மு ஸல்மா ரெண்டு நாள் என்னோட கதைக்கயில்ல."

தகரத்தின் நிழலில் குந்தியிருந்து இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பஸ்ரியனின் விரல் ஓரிடத்தில் நின்றது. பத்துக் குதிரை எஞ்சினுக்கே இரண்டு பெட்டிகள் போட்டிருந்தது. முதல் வருடங்களில் வந்தது ஓர் இலக்கம், பின்னர் வந்தது வேறோர் இலக்கம். பிந்தியது, சுழற்சி ஒரு கட்டத்துக்கு ஏறியதும் பொறியைப் பிந்தி அடித்து எஞ்சினை இழுத்துப் பிடிக்கும். முந்தியது பிடிக்காது. அமிர்தநாயகத்தின் எஞ்சினில் இருந்தது பிந்தியது.

"ரெண்டும் பத்துக் குதிரைதானே நானா?"

"கொம்பனியே அச்சடிச்சிருக்கிறான். வேற யார் சொல்லவேணும்?"

பழைய பெட்டிக்கு அலையத் தேவையிருக்கவில்லை. சண்டைக் காலத்தில் புது எஞ்சின் எதுவும் கரைக்கு வராததால் பாதி வள்ளங்களில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கலந்தர் தான் தொழிலுக்கு வாங்கியிருந்த பழைய எஞ்சினில் இருந்ததையே கழற்றித் திருநாள் முடியும்வரை இரவல் கொடுத்தார். பழைய வள்ளங்களில் அடைப்பும் தேய்வுமாக யாரும் அதன் முழு வேகத்தைக் கண்டதில்லை. பஸ்ரியன் அமிர்தநாயகத்தின் எஞ்சினில் அதைப் பூட்டி, காபரேட்டரைக் கழுவி, புத்தகத்தில் அதே எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட மூன்று புரொப்பெல்லர்களில் மிகக் குறைந்த சாய்வுள்ளதைத் தெரிந்தெடுத்தான். நான்கு பின்னேரங்கள் கடலில் ஓடிப் பார்த்தார்கள். நாலாம் நாள் வள்ளத்தின் மூக்கு எழும்பித் தண்ணீரை விட்டுக் கிளம்பியபோது அமிர்தநாயகம் பஸ்ரியனைத் திரும்பிப் பார்த்தான்.

திருநாளன்று அவர்களுக்குப் பின்னால் வந்த வள்ளம் கோயில் கொடிமரத்துக்கு நேரே வரும்போது அவர்கள் கரையில் கால் வைத்திருந்தார்கள்.

அதிகாரி சொன்னபடியே செய்தார். மேசையில் சாக்கை விரித்து எஞ்சினைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, புத்தகத்தை வாங்கி, இலக்கத்தை ஒப்பிட்டார். இளம் வயது. படித்த முகம். அரை மணி நேரம் எடுத்தார். ஒரு பிழையும் இல்லை.

"எல்லாம் சரி," என்றார் தமிழில். "பத்துத்தான். ஆனா எப்பிடி இவ்வளவு வேகம்?"

தடுப்பில் இருந்த மூன்று வருடமும் பஸ்ரியனுக்குக் கற்பித்தது ஒன்றுதான். கேட்டதற்கு மட்டும் பதில், அதிலும் பாதி. சோதனைச் சாவடியில் பேர் கேட்டால் பேரை மட்டும் சொல்லுகிறவன் அவன். ஆனால் அன்று அந்த அதிகாரி சந்தேகத்தோடு கேட்கவில்லை. வேலை தெரிந்த ஒருவன் இன்னொருவனிடம் கேட்பது போலக் கேட்டார். ஆறு வருடமாக அவனிடம் யாரும் எஞ்சினைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

அவன் சொன்னான். இரண்டு இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தொட்டுக் காட்டினான். எந்தப் பெட்டி பிடிக்கும், எது விடும், புரொப்பெல்லரின் சாய்வு குறைந்தால் என்ன நடக்கும் என்று கையால் காற்றில் சுழற்றிக் காட்டினான். நெற்றி வியர்த்தது. முகம் மலர்ந்திருந்தது.

"பழைய பெட்டி இங்க கனபேரிட்ட இருக்கா?"

"அரைவாசிப் பேரிட்ட இருக்கு சேர். ஒருத்தருக்கும் அதின்ர அருமை தெரியாது."

பின்னால் நின்ற அமிர்தநாயகம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பஸ்ரியன் திரும்பவில்லை. அதிகாரி சிறிய கொப்பியில் இலக்கங்களை எழுதிக்கொண்டு அவனுக்குக் கை கொடுத்தார்.

கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. மதலேனா அதைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனாள். அதே நாள் மீனவர் சங்கக் கட்டடத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். கீழ்க்காணும் இலக்கமுடைய பெட்டிகள் இனிப் பத்துக் குதிரையாகக் கணிக்கப்படமாட்டா. பூட்டியிருப்போர் திங்கட்கிழமை எஞ்சினுடன் முகாமுக்கு வர வேண்டும். பெட்டிகள், அனுமதி பெற்ற திருத்துநரைக் கொண்டு அகற்றப்படும்.

அந்தக் கரையில் அனுமதி பெற்ற திருத்துநர் ஒருவன்தான் இருந்தான்.

"நீங்கள் போகாதேங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மதலேனா.

"போகாட்டி ஆமிக்காரன் குறட்டால பிடுங்குவான். எஞ்சினும் போயிடும்."

"உங்கட சொந்தச் சனம், ஆயுசுக்கும் உங்களோட கதைக்காது."

பஸ்ரியன் ஸ்பானர்களையும் டேப்பையும் எடுத்துப் பையில் போட்டான்.

திங்கட்கிழமை முகாம் வேலியோரம் முப்பத்தொரு எஞ்சின்கள் வரிசையாகக் கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவர்கள் எஞ்சினை மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்க்காமல் விலகி நின்றார்கள். ஒருவர் மட்டும், "வெண்டிட்டாய் என்ன," என்றார். அமிர்தநாயகத்தின் எஞ்சினில் பிந்திய பெட்டி திரும்பப் பூட்டப்பட்டிருந்ததால் அவன் அன்று வழமைபோலத் தொழிலுக்குப் போயிருந்தான்.

பதினாலாவதாகக் கலந்தரின் எஞ்சின் வந்தது. போன கிழமை கடிதம் கிடைத்த கையோடு, அறிவித்தலைக் காண முன்னரே, பஸ்ரியன் அந்தப் பெட்டியை அதில் திரும்பப் பூட்டிக் கொடுத்திருந்தான்.

"நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது நானா."

"அவன் கேட்டான், நீ சொன்னாய். நான் நிண்டிருந்தா நானும்தான் சொல்லியிருப்பன்." கலந்தர் மேசையின் மறுபக்கம் வந்து எஞ்சினைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "புதுசு எப்ப வருமாம்?"

"கொழும்புக்கு எழுதியிருக்கினமாம். சாமான் கொண்டுவரத் தனிப் பெர்மிட் வேணும். எத்தினை மாதமோ தெரியாது."

"இது இல்லாம ஓடாது, என்ன?"

கடை வைத்திருந்த மனிதருக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் கேட்டார்.

"ஓடாது நானா."

"அப்ப பார்த்துக் கழற்று. வயரை அறுத்துப்போடாத."

பஸ்ரியன் வயர்களை ஒவ்வொன்றாக நிதானமாக உருவினான். பெட்டியைப் பக்கத்திலிருந்த சாக்கில் போட்டான். வெறுமையாகத் தொங்கிய வயர் முனைகளில் உப்புக் காற்றுப் படாதபடி டேப்பைச் சுற்றினான். அப்படிச் செய்யச் சொல்லி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து வயருக்கும் சுற்றி முடித்து, மூடியைப் பூட்டி, கொப்பியில் கலந்தரின் பெயருக்கு எதிரே கையெழுத்து வைத்தபோது, காவலுக்கு நின்ற ஆமிப் பெடியன் சாக்கை எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.