எண்ணூறு கிராம்

பெற்றிசியா மிஸ்ஸின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. கரும்பலகையின் மேற்பகுதியில் இடது கையால்தான் எழுதுவார். ஒருகாலத்தில் மல்யுத்தத்தில் மாகாணத் தங்கம் வாங்கியவர். அடுத்த வருடம் எடை சற்றுக் கூடியதால் மேல் எடைப் பிரிவில் இறக்கினார்கள். தன்னைவிடப் பெரியவளின் கீழ் அகப்பட்டதில் தோள் போனது. பிறகுதான் மன்னாரில் எங்கள் பாடசாலைக்கு ஆசிரியையாகவும் பயிற்றுநராகவும் வந்தார். தன்னிடம் பழகும் பிள்ளைகள் ஒருவரையும் மேல் பிரிவில் விடமாட்டார்.

சிவராணி ஐம்பது கிலோ பிரிவு. அவளோடு மல்லுப்பிடித்துப் பழக வேறு ஆளில்லாததால், பாடசாலையை விட்டு விலகி மாலை வகுப்புக்குப் போகும் என்னையும் மிஸ் கூப்பிடுவார். மாகாணப் போட்டிக்கு முதல்நாள் தராசு எண்ணூறு கிராம் கூடுதலாகக் காட்டியது.

"மேல் பிரிவில விடுங்கோ மிஸ். எனக்கு ஏலும்."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

மிஸ் எங்களைத் தாழ்வுபாட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கருவாடு காயும் இடத்தில் நிழலே இல்லை. வியர்த்து எடை குறைய, மீன் மூடும் பொலித்தீனை உடம்பில் சுற்றிக்கொண்டு சிவராணி ஓடினாள். காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

கருவாடு புரட்டிய செபஸ்தியம்மா, "இஞ்ச வந்து படு பிள்ளை, உப்பும் போட்டுவிடுறன்" என்றார். சிவராணி சிரித்துக்கொண்டே ஓடினாள்.

"காணும் மிஸ்" என்றேன்.

"இன்னும் ஒரு சுற்று."

அந்தச் சுற்றில் விழுந்தாள். பொலித்தீனைக் கிழித்தபோது உடம்பு கொதித்தது, வியர்வை நின்றிருந்தது. மிஸ் அவளை அப்படி ஓடவிட்டது பயத்திலா, பெருமையிலா? என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில், சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார் டொக்டர். இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள்.

மிஸ்ஸைப் பாடசாலை பயிற்சியிலிருந்து நிறுத்தியது. அன்று பின்னேரம் அவர் வார்ட்டுக்கு வந்தார். சிவராணியின் முகம் நீர் கோத்து வீங்கிக் கண்கள் சிறுத்திருந்தன. மிஸ் கதிரையில் இருக்கக்கூட இல்லை, அதற்குள் பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"எடை எவ்வளவு?"

"ஐம்பத்துமூண்டு மிஸ். எல்லாம் தண்ணி." உலர்ந்த உதட்டை நக்கினாள். "இனி மேல் பிரிவுதான்."

மிஸ் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறந்தார்.

"தண்ணி குடுக்காதேங்கோ!" என்று ஓடிவந்தார் நேர்ஸ். "இவவுக்கு அளந்துதான் குடுக்கிறது."

சிவராணி போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் அதை மூடினார்.