டேப்காரர் மிச்சம் வைத்த தட்டு

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. என் அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நான் கூட்டியோ குறைத்தோ, கண் காது மூக்கு வைத்தோ சொன்னதாக யாராவது நிரூபித்தால் அந்தத் தலை சுக்குநூறாகப் போகட்டும். என் தலைமேல் சத்தியம் செய்தால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் அண்ணன் தலை.

அப்போது ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பேர்தான். வீட்டிலும் அதே வேலையைத்தான் பார்த்தார். ஏனென்றால் எனக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சமையலறை ஜன்னலில் ஆரம்பித்த தகராறு. திறந்தால் தூசி என்பது அண்ணி கட்சி. மூடினால் புகை என்பது என் கட்சி. அண்ணன் மத்தியஸ்தம் செய்து, ஜன்னலைப் பாதி திறந்த நிலையில் ஆணி அடித்துவிட்டார். அதில் இரண்டு கட்சிக்கும் கோபம். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான். ஒரே மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கும்போதும்.

"உங்க தம்பிகிட்ட அந்த உப்பைத் தள்ளச் சொல்லுங்க."

"டேய், உப்பைத் தள்ளு."

"தள்ளிட்டேன்னு சொல்லு அண்ணா."

"தள்ளிட்டானாம்."

பழைய தொழில் புத்தி, அண்ணன் வார்த்தைகளைச் சுருக்கிவிடுவார். அண்ணி மூச்சு விடாமல் திட்டிய திட்டெல்லாம் என்னிடம் வந்து சேரும்போது, "கோபம். குளிக்கவும்" என்று இருக்கும்.

அப்பேர்ப்பட்ட அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். குரல் கம்மி, காற்றாகி, கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது. டாக்டர் வந்து பார்த்தார். ஸ்டெதஸ்கோப் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கைகழுவிவிட்டு ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த விரலையே மறுபடியும் துடைத்தார்.

"சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றவரே அவர்தானே டாக்டர்" என்றார் அண்ணி.

மறுநாள் மத்தியானம் அண்ணன் கையசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டு, "கோழி. கிழங்கு. புளிப்பு" என்று காதில் ஊதினார். எனக்குப் புரிந்துவிட்டது. கீழ் வீட்டில் கப்பல் சமையல்காரர் ஒருவர் இருந்தார். ஏதோ கிரேக்கத் துறைமுகத்தில் கற்றுக்கொண்டதாம், கோழியையும் உருளைக்கிழங்கையும் ஒரே தட்டில் போட்டு ஓவனில் வாட்டுவார். ஒரு தடவை எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். அண்ணன் அன்று தட்டை நக்காத குறை.

நான் மாடிப்படியில் சமையல்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"இதைவிடச் சுலபமான சாப்பாடு உலகத்துலயே கிடையாது சார். கோழியைக் காலும் தொடையுமா வெட்டுங்க. கிழங்கைத் தோல் சீவிப் படகு படகா நறுக்குங்க. ஆலிவ் எண்ணெய், தட்டின பூண்டு, உப்பு, மிளகு, காய்ஞ்ச ஓரிகானோ இலை. ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு கை தண்ணி. எல்லாத்தையும் பிசறி ஓவன்ல தள்ளிட்டுப் போய் உட்காருங்க. மிச்சம் ஓவன் பாடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. எலுமிச்சை அளவு மீறினா கிழங்கு வீம்பு பிடிச்சுக்கும். வேகவே வேகாது."

அண்ணி காதிலும் அண்ணன் ஊதியிருக்கிறார்; சமையல்காரர் இதையே குழாயடியில் அண்ணிக்கும் தனியாகச் சொன்னாராம். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு தடவை என்று அவர் கேட்கவில்லை. கப்பலில் இருந்தவர், இதைவிட மோசமான குடும்பங்களைப் பார்த்திருப்பார்.

அண்ணி கோழியை வெட்டினார். நான் கிழங்கை நறுக்கினேன். முதுகும் முதுகும் பார்த்தபடி. நான் தோலைக் கொட்டப் போன நேரத்தில் அண்ணி இரண்டு பழம் பிழிந்துவிட்டு, அண்ணன் நெற்றித் துணியை நனைக்கப் போயிருக்கிறார். நான் வந்து இரண்டு பழம் பிழிந்தேன். பிறகு அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் உதடு, "எலுமிச்சை" என்றது. போட்டாயா என்று கேட்டிருக்கிறார். சுருக்கத்தில் கேள்விக்குறி போய்விட்டது. அண்ணி இன்னும் போடச் சொல்லி அனுப்பிய தந்தி என்று நினைத்து, போய் மறுபடியும் பிழிந்தேன். அடுத்து அண்ணி போனார். அவருக்கும் அதே "எலுமிச்சை". நான் சொல்லி அனுப்பியதாக நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவரும் வந்து பிழிந்தார். கூடை காலியானது. தட்டு ஓவனுக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் பூண்டும் கோழிக் கொழுப்பும் சேர்ந்து ஒரு வாசனை கிளம்பிற்று. பாதி திறந்த ஜன்னல் வழியாக இறங்கித் தெருவுக்குப் போயிற்று.

மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது. க்ர்ர்ரக். பிறகு அமைதி. மறுபடியும் க்ர்ர்ரக், ஒரு திருப்பம் மேலே.

டேப்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அவரைத் தெரியாதவர் கிடையாது, பேசுபவரும் கிடையாது. சாம்பல் நிறச் சட்டை, கழுத்துவரை பட்டன், கையில் க்ர்ர்ரக் என்று நீளும் இரும்பு அளவு டேப். ஒரு கட்டடத்தின் மாடிப்படித் திருப்பங்களை அவர் அளந்தால், சீக்கிரமே நீளமான பெட்டி ஒன்று அந்தத் திருப்பங்களில் இறங்கும். மேல்வீட்டுக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் விசிலடித்துக்கொண்டே முகம் மழித்த காலையில்தான் டேப்காரர் அங்கே வந்தார். வெறும் வயிற்றில் வேலை செய்ய மாட்டார். அந்த வீட்டில் என்ன கொடுக்கிறார்களோ அதை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அது அவர் தொழில் தர்மம். கடிகாரக்காரர் மனைவி விவரம் தெரியாமல் ஒரு பன்னைக் கொடுத்துவிட்டாள். பன் தீர்ந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த கடிகாரக்காரரும் தீர்ந்தார்.

எங்கள் கதவு தட்டப்பட்டது. நான் ஓடுவதற்குள் அண்ணி திறந்துவிட்டார். அண்ணிக்கு ஒரு பழக்கம். வாசலில் யார் நின்றாலும் வாய் தானாகப் பேசிவிடும்.

"வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சொல்லி முடித்த பிறகுதான் யார் என்று பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றார் டேப்காரர்.

உள்ளே வந்து படுக்கையறைக் கதவை அளந்தார். கட்டில் காலடியில் நின்று அண்ணனைப் பார்த்தார். அங்கே டேப்பை இழுக்கவில்லை. கண்ணே போதும் போலிருக்கிறது. திரும்பி வந்து, மேஜையில் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள இன்னொரு வீடு இருக்கு. ஆச்சா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். நடுவே சொல்ல ஆளில்லை. கடைசியில் அண்ணி அவரிடமே திரும்பினார்.

"அவர் தம்பிகிட்ட ஓவனைத் திறக்கச் சொல்லுங்க."

"பக்கத்துலதானேம்மா நிக்கிறாரு?"

"எங்களுக்குள்ள பேச்சு கிடையாது."

டேப்காரர் பெருமூச்சு விட்டார். "ஐயா, ஓவனைத் திறக்கணுமாம்."

"திறந்துட்டேன்னு சொல்லுங்க."

"திறந்துட்டாராம்."

கோழி பொன்னாக வெந்திருந்தது. தோல் மொறுமொறுவென்று விரிந்து, ஓரத்தில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் தட்டில் ஒரு காலும் ஒரு தொடையும் சுற்றிலும் கிழங்குமாக வைத்தோம். சாப்பிட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. எலும்பைச் சுத்தமாக உறிஞ்சி, அளந்து, நீள வரிசையில் அடுக்கினார். அவர் ஒரு வாய் விழுங்கும் போதெல்லாம் படுக்கையறையில் அண்ணன் மூச்சு ஒரு இடம் தவறியது. கோழி முடிந்தபோது இரண்டு மூச்சுக்கு நடுவே, அண்ணி தாலியைப் பிடித்துக்கொள்ள, தெருவில் ஒரு சைக்கிள் முழுசாகக் கடந்து போயிற்று.

பிறகு கிழங்கை எடுத்துக் கடித்தார். 'டக்' என்றது.

"வேகலையே" என்று கிழங்கைத் தட்டில் வைத்தார்.

வைத்த அந்தக் கணத்தில் உள்ளே அண்ணன் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அண்ணியும் கேட்டார். நானும் கேட்டேன்.

"மிச்சம் வைக்க எனக்கு அனுமதி இல்ல. திரும்ப உள்ள வைங்க."

வைத்தோம். அவர் காத்திருந்தார். அதற்குள் அண்ணி அவர் வழியாக என்னிடம் துணி கேட்டார், கரண்டி கேட்டார், இடுக்கி கேட்டார். நான் அவர் வழியாக எது எங்கே இருக்கிறது என்று சொன்னேன். டேப்காரர் நெற்றியில் வியர்வை அரும்பிற்று.

"இந்த வேலையை இதுவரைக்கும் யாரு பார்த்துக்கிட்டிருந்தது?"

அண்ணி படுக்கையறையைக் காட்டினார். டேப்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாவம்" என்றார். "எனக்குக் கிடைச்ச உத்தரவு வேற."

மறுபடியும் திறந்தபோது கத்தியை ஒரு கிழங்கில் வைத்துப் பார்த்தேன். ஓரம் லேசாக விட்டுக்கொடுத்தது. கத்தி நழுவித் தட்டில் விழுந்தது. டேப்காரர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். உள்ளே அண்ணன் மூச்சு மறுபடியும் படி தவறியது.

அப்போது அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார். டேப்காரர் வழியாகச் சொல்ல முடியாத விஷயம்.

"தம்பி."

யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களைத்தான். பழம் இன்னும் இருக்கா?" என்றார் மெதுவாக.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? "கூடை காலி அண்ணி" என்றேன். "கீழ இருக்கும்."

"ஜன்னல்?"

"ஜன்னல்."

பாதி ஜன்னலில் தலையை நுழைத்தேன். கீழே சமையல்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாயசைத்துக் கையால் பிழிந்து காட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு வலைப்பை நிறைய எலுமிச்சையோடு வந்து, ஒவ்வொன்றாக மேலே வீசினார். ஒரு பழம் நுழையும் அளவுக்குத்தான் அந்த இடைவெளி. அண்ணன் எதை அளந்து ஆணி அடித்தாரோ! நான் பிடித்தேன், அண்ணி பிழிந்தார். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. கிழங்கு சாற்றில் மூழ்கி மறுபடியும் ஓவனுக்குள் போயிற்று.

"அங்க என்ன சத்தம்?" என்றார் டேப்காரர்.

"சும்மா பேசிட்டிருக்கோம்" என்றார் அண்ணி.

"பேச்சு கிடையாதுன்னீங்க?"

"இப்பதான் ஆரம்பிச்சோம். நிறைய பாக்கி இருக்கு."

அடுத்த முறை பரிமாறியபோது கிழங்கு தட்டில் விழுந்து 'டங்' என்றது. டேப்காரர் முள்கரண்டியால் குத்தினார். முள் வளைந்தது. கத்தியால் அறுத்தார். கத்தி வழுக்கி மேஜையில் கோடு போட்டது. கடைசியில் வாயில் போட்டுக் கடித்தார். ஏதோ உடைந்தது. கிழங்கு அல்ல. உள்ளங்கையில் பல்லைத் துப்பி, பழக்கதோஷத்தில் அதையும் அளந்தார்.

வெளியே தெரு விளக்கு எரியத் தொடங்கிற்று. அவர் எழுந்தார்.

"இந்த மாதிரி ஒரு வீட்டை நான் பார்த்ததில்ல" என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "இந்தத் தட்டை எடுக்கக் கூடாது, கழுவக் கூடாது. இது என் பாக்கி. வேகட்டும், வந்து முடிச்சுக்கறேன்." வாசலில் நின்று திரும்பினார். "வரேன்."

அண்ணியின் வாய் பழக்கத்தில் திறந்தது. 'போய்ட்டு வாங்க' என்பது நுனிநாக்கில் நிற்கிறது. நான் எட்டி அவர் வாயைப் பொத்தினேன். விரலைக் கடித்துவிட்டார். பிறகு இருவரும் ஒரே குரலில், "போங்க" என்றோம்.

க்ர்ர்ரக் சத்தம் ஒவ்வொரு திருப்பமாக இறங்கிப் போயிற்று. உள்ளேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. குரலேதான், காற்று இல்லை. "பசி. அனுப்பவும்." ரொட்டியைக் கோழிச் சாற்றில் தோய்த்துக் கொடுத்தோம். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

அந்தத் தட்டு இன்றைக்கும் எங்கள் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. நானும் அண்ணியும் முறை வைத்து அதன்மேல் எலுமிச்சை பிழிந்து வருகிறோம். யார் முறை என்பதில்தான் இப்போது சண்டை, நேருக்கு நேராகவே. ஆனால் போன வாரம் அண்ணி ஒரு கிழங்கை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானும் அமுக்கினேன். விரல் லேசாக உள்ளே போயிற்று. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலமானால் இருவரும் மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் செய்த அந்தச் சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை: என்னைப் பெற்றவர்களுக்கு நான் ஒரே பிள்ளை.