எட்டிப் பார்க்கிற கண்ணாடி

"மாமா, உது ஏறாது," என்று சிவகரன் திருப்புளியை நிலத்தில் போட்டான்.

புத்தூரில் உள்ள திருப்புளிகள் அவ்வளவும் அன்று காலை பரமலிங்கத்தின் முற்றத்துக்கு வந்துவிட்டன. தையல் மெசினுடையது, உழவு மெசினுடையது, மணிக்கூடு திருத்துகிறவருடையது என்று தேர் பார்க்க வருவதுபோல வந்து, சவப்பெட்டியின் திருகாணிகளைத் தொட்டுவிட்டுத் தலை குனிந்து திரும்பின. அந்தத் திருகாணிகளின் தலையில் கோடும் இல்லை, சிலுவையும் இல்லை. மூன்று இதழ் விரித்த சின்னப் பூ ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற மருமகன் சிவகரனே தோற்ற இடத்தில் வேறு யார் வெல்வது?

பெட்டிக்குள் பரமலிங்கத்தின் ஒரே மகன் கோபிசங்கர் இருந்தான். கனடாவில், மொன்றியலில், நெஞ்சு நோகுதென்று தானே நடந்து ஆசுபத்திரிக்குப் போனவன். மூடியில், திறக்க வேண்டாம் என்ற கட்டளை தமிழைத் தவிர உலகத்துப் பாசைகள் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. தமிழில் இல்லாதபடியால் அது தங்களுக்கில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது.

"என்ரை பிள்ளையின்ரை வாயிலை நான் அரிசி போடவேணும்," என்றாள் பூரணம். "போடாமல் ஒருத்தரும் தூக்கேலாது." அவள் அழவில்லை. வாய்க்கரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நேரம் போகுது," என்றார் கிரியை செய்ய வந்த ஐயா.

"போகட்டும்."

எல்லாரும் பரமலிங்கத்தைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? பஸ் டிப்போவில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து, பலாலியில் இறங்குகிற சின்னப் பிளேன் வீட்டுக்கு மேலால் போகும்போதெல்லாம் முற்றத்துக்கு ஓடிவந்து, "என்ரை பொடியன்ரை சாமானாலை இறுக்கினது. பயமில்லாமல் போகலாம்," என்று அனுமதி கொடுத்தவர் அவர். "பரமலிங்கண்ணை முழுகிக்கொண்டு நிண்டால் பிளேன் வட்டமடிச்சுக்கொண்டு நிக்குமாம்," என்பாள் எதிர்வீட்டுக் கனகாம்பிகை.

உண்மையில் கோபி பிளேன் செய்யவில்லை. ஊருக்கு ஊர் பறக்கிற சின்ன விசிறிப் பிளேன்களைச் செய்கிற கொம்பனிகளுக்கு, அவற்றைக் கழற்றிப் பூட்டுகிற விசேட சாமான்களை விற்றான். "ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு மாதிரிப் பூட்டுவாங்கள், அப்பா. அவனவன்ரை பூட்டுக்கு அவனவன்ரை ஸ்பனர்தான்." அந்தச் சின்னப் பிளேனின் வயிற்றுக்குள் இந்தப் பெட்டி அடங்காதாம். அதனால் கட்டுநாயக்காவில் இறக்கி, வவுனியா தாண்டித் தரைவழியே கொண்டுவந்தார்கள்.

ஸ்பனர் என்றதும் பரமலிங்கத்துக்குச் சுருக்கென்றது. சாமியறைக்கு ஓடினார்.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, பாரம் கூடிப்போச்சென்று கோபி விட்டுப்போன மாதிரிச் சாமான் பெட்டி அங்கே இருந்தது. அது வந்த நாள்முதல் பிள்ளையாருக்கு ஓரத்தில்தான் இடம். திறந்தால் கறுப்பு ஸ்பொஞ்சில் ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்தில் வெட்டிய குழி. "வேலை முடிஞ்சு மூடேக்கை எல்லாக் குழியும் நிரம்பியிருக்கவேணும், அப்பா. ஒண்டு குறைஞ்சாலும் பிளேன் எழும்பாது. தேடி எடுக்குமட்டும் நிலத்திலைதான்."

சிவகரன் ஸ்பனரில் முனைகளை ஒவ்வொன்றாகப் பூட்டித் திருகாணியில் வைத்துப் பார்த்தான். கடைசி வரிசையில் ஒன்று பூவுக்குள் போய் அமர்ந்தது.

"ஏறீட்டுது, மாமா!"

முற்றத்தில் ஒரு சிரிப்புக்கூட எழும்பி அடங்கியது. செத்தவீட்டில் அப்படிச் சிரித்ததைப் புத்தூர் இன்னும் மன்னிக்கவில்லை. பரமலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். பிறகு, என்னத்துக்கு நிமிர்த்தினேன் என்று அவருக்கே தெரியாமல் போனது.

பூரணம் சாமான் பெட்டியிலிருந்து நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடியை எடுத்தாள். கழற்றாமலே எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கிற கண்ணாடி அது. கோபி அதை அடுப்புக்குப் பின்னால் நீட்டி, தாய் ஒளித்துவைத்த சீனிப் போத்தலைக் கண்டுபிடித்தவன்.

மூடி எழும்பியது. உள்ளே இன்னொரு மூடி இருந்தது. ஓரம் முழுக்கப் பற்றவைத்த தகடு. அதில் திருகாணி ஒன்றும் இல்லை.

பூரணம் குனிந்து, கண்ணாடியை விளிம்பு நீளத்துக்கும் மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். எங்கும் ஒரு நூல் நுழைகிற நீக்கல்கூட இல்லை.

"மாமி, வெட்டலாம்," என்று சிவகரன் வெட்டுகிற மெசினை எடுத்து ஒருதரம் இயக்கினான். முற்றமே கூசியது.

"நிப்பாட்டு தம்பி," என்றாள் அவள். "அவனுக்குப் பக்கத்திலை உந்தச் சத்தம் வேண்டாம்." பிறகு கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, தலை எந்தப் பக்கம்?"

பெட்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பரமலிங்கம் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். உலகத்துப் பிளேன்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்தவருக்குச் சொந்தப் பிள்ளையின் தலை இருக்கிற பக்கம் தெரியவில்லை.

"தெரியேல்லை, பூரணம்."

அவள் தலைப்பை அவிழ்த்தாள். அரிசியை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டாள். தகட்டில் அது பொரிவதுபோலச் சத்தம் கேட்டது. மகள் தர்சினி அப்போதுதான் குழறி அழுதாள். அதோடு எல்லாரும் குழற, மூடியைத் தூக்கி வைத்தார்கள்.

திருகாணிகளைப் பரமலிங்கமே இறுக்கினார், கோபி பழக்கிய அதே ஸ்பனரால். "டிக் எண்டு கேட்டால் காணும், அப்பா. அதுக்கு மேலை இறுக்கினால் முறியும்." ஒவ்வொரு டிக்குக்கும் அவர் கை நின்று நின்று போனது.

ஸ்பனரையும் முனையையும் அதனதன் குழியில் வைத்தார். ஒரு குழி நிரம்பவில்லை. வட்டமும் நீளக் காம்புமாக வெறுமையாய்க் கிடந்தது. பூரணத்தைப் பார்த்தார். அவளுடைய கைகள் மடியில் விரிந்திருந்தன, ஒரு அரிசிமணி ஒட்டிய வெறும் கைகள். தலைப்பை அவிழ்க்க இரண்டு கையும் தேவைப்பட்டபோது, அவள் கண்ணாடியைத் தகட்டின்மேல் வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

தேடி எடுக்குமட்டும் நிலத்திலைதான்.

"மாமா, எல்லாம் சரியோ? தூக்கட்டோ?"

பலாலிப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. முற்றத்தில் நின்றவர்கள் பழக்கதோசத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் மேலே பார்க்கவில்லை. பெருவிரலை அந்த வட்டக் குழிக்குள் வைத்து அழுத்தினார்.

"ஓம்," என்றார்.

தோள்கள் குனிந்தன. பெட்டி எழும்பியது.