மூன்றாம் பரிமாணத்துச் சுவர்

"கண்ணை மூடுங்க மச்சான். இப்ப புல்லாங்குழல் உங்க தலைக்குப் பின்னாடி வரும் பாருங்க," என்றார் என் தங்கையின் கணவர்.

வந்தது. புல்லாங்குழல் மட்டுமல்ல, பாடகியும் கிதாரும்கூட கொசுவத்திப் புகை மாதிரி தலையைச் சுற்றி மிதந்தார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு லேசாகக் குமட்டியது. அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் என்னை உட்கார வைத்ததே பெரிய மரியாதை என்பதுபோல மாப்பிள்ளை பக்கத்தில் கைகட்டி நின்றார்.

நான் இருபத்தாறு வருடங்களாக அரங்குகளுக்கு ஸ்பீக்கர் பொருத்துகிறவன். அவர் காப்பீட்டுக் கம்பெனியில் மேலாளர். அறையில் ஸ்பீக்கர் கேபிள்கள் தரையைத் தொடாமல் குட்டிக் குட்டி மர முட்டுகளின் மேல் பல்லக்கில் போவது போலப் போயின. தரையின் அதிர்வு ஏறிவிடுமாம். ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒரு கறுப்புக் கல். அது மின்சாரத்தைச் சுத்தம் செய்யுமாம். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கைப்பேசியில் இருக்கும் நாற்பது பேர் குழு. ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

"எல்லாம் அமைஞ்சிடுச்சு. பேஸ் மட்டும்தான் இல்ல, அந்தக் கனமான அடிச்சத்தம். ரூம் சின்னது, அதான். இந்தச் சுவரை எடுத்துட்டா மூச்சு விடும். திங்கக்கிழமை கொத்தனார் வர்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் திருப்தி."

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் வேலை அறை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பதினொரு வருடங்களாகச் செய்கிறாள்.

"அவ எங்க உக்காருவா?"

"லேப்டாப்தானே மச்சான். ஹால்ல உக்காந்துக்குவா."

கைப்பேசி அடித்தது. குழுவில் யாரோ. குரலை ஒரு படி கனமாக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

ஸ்டீரியோ ஒன்றும் மந்திரமல்ல, நம் மூளையின் ஏமாளித்தனம். ஒரே குரல் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இரண்டு காதுக்கும் வந்தால், பாடுகிறவள் நடுவில் நிற்கிறாள் என்று மூளை முடிவு கட்டிவிடும். நடுவில் ஒன்றுமே இருக்காது. ஆனால் அவள் உதடு எந்த உயரத்தில் இருக்கிறது என்றுகூட விரல் நீட்டிக் காட்டலாம். அதற்கு இரண்டு ஸ்பீக்கருக்குள்ளும் அதிரும் கூம்புகள் ஒன்றாக முன்னே வந்து ஒன்றாகப் பின்னே போக வேண்டும். ஏதாவது ஒன்றில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றி மாட்டிவிட்டால், இது காற்றைத் தள்ளும்போது அது இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். குரல் நடுவை விட்டுச் சிதறி ஓடும். விவரம் இல்லாதவர்களுக்கு அது பிரம்மாண்டமாகக் கேட்கும்.

இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். சிவப்பில் கறுப்பு. கறுப்பில் சிவப்பு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எப்படிச் சொன்னால் அவருக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்தபடியே திருகைத் தளர்த்தக் கை வைத்தேன்.

"அண்ணா, அதைத் தொடாத."

தங்கை கதவருகே நின்றாள். கழுத்தில் ஹெட்ஃபோன்.

"நீயா மாத்தினது?"

"பின்ன, பேயா? டேப் ரெக்கார்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒரு மழைநாள் முழுக்க நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த. ஒரு வருஷமாச்சு. கண்டுபிடிச்சாரா? மறுநாளே குழுவுல எழுதினாரு, புது கேபிள் பிரமாதமா வேலை செய்யுது, சத்தம் முப்பரிமாணத்துல வருதுன்னு."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சரி பண்ணிடறேன்மா. பேஸ் வந்துட்டா சுவரை இடிக்க வேண்டியதில்லையே."

"பேஸ் வந்தா என் மேஜை ஆடும். முன்னாடி அதனாலதான் மருந்து அளவை ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். இன்னொரு தடவைன்னா வேலை கிடையாதுன்னுட்டாங்க. இவர்கிட்ட சொன்னேன். சுவர்ல பஞ்சு ஒட்டினாரு. அதுவும் அவர் பக்கம்."

பஞ்சு எதிரொலியைத்தான் குடிக்கும். பேஸ் அதைச் சட்டையே செய்யாமல் சுவரைத் தாண்டிப் போகும். இதை அவளுக்கு விளக்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு எதுவும் விளக்காத. அவருக்கு விளக்கு. ஏதாவது பொய் சொல்லு. உன்னைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். நீங்க ரெண்டு பேரும் ஒரே ரகம். எதிர்ல ஒருத்தர் தலையாட்டினா போதும், பேசிட்டே இருப்பீங்க."

போய்விட்டாள். திருகின் மேல் என் விரல் இன்னும் இருந்தது. அரைச் சுற்று தளர்த்தி வயர்களை இடம் மாற்றினால் போதும், பாடகி நடுவில் வந்து நின்றுவிடுவாள். இருபத்தாறு வருடங்களில் தவறாக மாட்டிய வயரை நான் அப்படியே விட்டுவிட்டு வந்ததில்லை.

பால்கனிக் கதவு திறந்தது. "என்ன மச்சான், பின்னாடி போய்ட்டீங்க?"

எழுந்து கையைத் தட்டிக்கொண்டேன். "மாப்ள, பேஸ் வேணுமா, இந்த முப்பரிமாணம் வேணுமா? ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்."

அவர் முகம் மாறியது. "முப்பரிமாணம்தான். நாற்பது பேர்ல எனக்கு மட்டும்தானே வந்திருக்கு."

"அப்ப இந்தச் சுவரைத் தொடாதீங்க. முன்னாடி போற சத்தத்தைப் பிடிச்சு உங்க தலைக்குப் பின்னாடி அனுப்பறதே இதுதான். கேபிளையும் கழட்டாதீங்க. ஒரு வருஷமா ஊறிப் பக்குவமாயிருக்கு."

எவ்வளவு எளிதாக வந்தது! சுவரைத் தட்டிக் காட்டினேன். கைகளால் காற்றில் வளைவு போட்டு ஒலி திரும்பும் பாதையைக்கூட வரைந்தேன். அவர் தலையாட்டத் தலையாட்ட, எனக்கு இன்னும் இன்னும் தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் குழுவுக்காகக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பிறகு கொத்தனாருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார்.

"உக்காருங்க மச்சான், இன்னொரு பாட்டு. இப்பத்தான் எனக்கே புரியுது."

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். பாடகி பழையபடி நாலாபக்கமும் கரைந்து போனாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நாலைந்து நொடி இடைவெளி. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு இடது பக்கம், நான்கடி தள்ளி, மேஜை உயரத்தில். விரல்கள் வேகமாக ஓடின. ஒரு எண் வந்திருக்க வேண்டும். விரல்கள் நின்றன, பதிவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டிருப்பாள், பிறகு ஒவ்வொரு விசையாக அழுத்தினாள்.

"கேக்குதா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.