மடிக்க முடியாத சுவர்

மார்ச் 12, வியாழன். ஒரு சின்னத் தப்பு. பழைய மிஷன் சர்ச்சின் இடது பாதியை மட்டும்தான் நேரில் பார்த்து வரைந்தேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வலது பாதியை மரம் மறைத்தது. தாளை நடுவில் மடித்து, இடதையே வலதுக்கும் நகலெடுத்துவிட்டேன்.

எழுதியவள் 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். பிறகு மனசு கேட்காமல் அதன் மேலேயே மறுபடி எழுதினாள்.

பகலில் அவளுக்கு ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் வேலை. சீருடைத் துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் தானாக வந்துவிடும். கை அதற்குப் பழகிப்போயிருந்தது. சாயங்கால ஓவிய வகுப்புக்கு வேறு கையா கொண்டுபோக முடியும்? அங்கே அவளுக்கு 'ஸ்கேல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அன்று வகுப்பில் மாஸ்டர் அந்தப் படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்கும்மா. ஆனா இது சர்ச்சா, இஸ்திரி போட்ட சட்டையா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு வரைஞ்சு கொண்டா. இதையே குடுத்தா அடுத்த வருஷ வகுப்புக்கு உன் பேரை எழுத எனக்கு மனசு வராது."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். தனியாகப் போகப் பயம், தன் கண்ணையே நம்ப முடியவில்லை. காலை டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற அக்காவை வீட்டுக்குப் போகவிடாமல் பஸ் ஏற்றினாள்.

"ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு என்னையும் தூங்கவிடல. இப்ப எங்கடி இழுத்துட்டுப் போற?"

"சர்ச்சுக்கு."

"அடடா, வேண்டுதலா?"

"படம் வரைய."

"அதுக்கு வேண்டுதலே தேவலாம்."

சர்ச்சின் முகப்பு உச்சியில் இடம் வலமாக, மணி தொங்கவிட இரண்டு வளைவுகள். சுண்ணாம்புச் சுவர் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. அக்கா பழைய படத்தையும் கட்டிடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் போனாள்.

"ஏண்டி, உன் படத்துல ரெண்டு மணி தொங்குது. இங்க ஒண்ணுதானே இருக்கு?"

அவள் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வலது வளைவு வெறுமையாக இருந்தது, உள்ளே ஒரு புறா. கீழே ஒரு ஜன்னலை எப்போதோ கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். அதன் வடிவம் மட்டும் தோள்பட்டையில் ஊசித் தழும்பு போல மிச்சமிருந்தது. அந்தப் பக்கச் சுவரே வெளியே சாய்ந்திருந்தது. விழாமலிருக்க ஒரு தடித்த முட்டுச்சுவரை அதன் இடுப்பில் கொடுத்திருந்தார்கள்.

"போச்சு," என்றாள்.

"ஒரு மணிக்கா இவ்வளவு? ரப்பர் வச்சு அழிச்சிட்டுப் போயேன்."

மணி மட்டும் என்றால் அழித்துவிடலாம். அவள் தரையில் உட்கார்ந்து, புதுத் தாளில் ஸ்கேல் வைத்து நடுக்கோடு போட்டாள். சுவர் வரவில்லை. அழித்தாள். அழித்த இடத்தில் தாள் கிழிந்தது. இன்னொரு தாள். அதில் சுவர் கசங்கிய சட்டை மாதிரி வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், பென்சிலைச் சீவினாள், முனை கூராக இருக்கும்போதே மறுபடி சீவினாள்.

அலுத்துப்போய்த் திரும்பியபோது அக்கா நின்றிருப்பது கண்ணில் பட்டது. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, பாரத்தையெல்லாம் ஒற்றைக் காலில் இறக்கி, ஒரு தோள் சரிய, இடுப்பில் கை ஊன்றி நின்றிருந்தாள். டியூட்டி முடிந்து வந்தால் அடுப்படியிலும் அப்படித்தான் நிற்பாள்.

அவள் சுவரைப் பார்த்தாள். அதே தோள். அதே இடுப்பு.

"அக்கா, அசையாத! அப்படியே நில்லு."

"நான் என்ன உங்க கம்பெனி பொம்மையா? கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"அதான் வேணும். கால் வலிக்கிற மாதிரியே நில்லு."

"நீ படம் போடறியா, சாபம் போடறியா?"

ஸ்கேலைப் பைக்குள் போட்டாள். நடுக்கோடு போடவில்லை. வலது ஓரத்தில், தாளின் அடியில், பாரம் வந்து இறங்கும் முட்டுச்சுவரிலிருந்து ஆரம்பித்தாள். கோடு நடுங்கியது. நடுக்கத்தை அழிக்காமல் மேலே போனாள். அடைத்த ஜன்னல் வந்தது, வெறும் வளைவு வந்தது, புறா பறந்துபோயிருந்தது. சந்தோஷமா பயமா என்று நின்று பார்க்க நேரமில்லை.

"கேட்டைப் பூட்டணும்மா," என்றார் காவலாளி. தாளின் இடது பாதி வெள்ளையாகவே இருந்தது.

பஸ்ஸில் அக்கா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மடியில் இரண்டு படங்கள். பழையதில் இடது பாதி தயாராக இருக்கிறது. அதைப் புதிய தாளுக்கு நகலெடுத்தால் இன்றைக்கே வேலை முடிந்துவிடும். கை தன்னிச்சையாகப் புதிய தாளின் ஓரங்களை ஒன்றுசேர்த்தது. மடிப்பை நீவக் கட்டைவிரலும் தயாரானது.

பழைய படத்தில் இடது சுவர் ஸ்கேல் வைத்த நேரில் நின்றது. ஒரு பக்கம் இப்படிச் சாய்ந்தால் மறு பக்கம் எப்படி விறைப்பாக நிற்கும்? அந்தப் பாதியையாவது ஒழுங்காகப் பார்த்தோமா?

தாளை மடிக்காமல் சுருட்டினாள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சுதா?"

"பாதி."

"நாளைக்கும் நான் வந்து நிக்கணுமா?"

"வேணாம். நீ தூங்கு."

மார்ச் 13, வெள்ளி. பாதிப் படம்தான் இருக்கிறது. மாஸ்டருக்குப் பிடிக்குமா, இடம் கிடைக்குமா, தெரியாது. நாளை காலை கேட் திறந்ததும் உள்ளே போக வேண்டும். இடது சுவரை நேரில் பார்த்து வரைய வேண்டும். ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். சாயங்காலம் படத்தைக் கொடுக்க வேண்டும்.