வெறும் நிலத்துக்குத் தண்ணீர்

விதைக்காத நிலத்துக்கு நான் தண்ணீர் விட்டதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "களைக்கு விருந்து வைக்கிறீங்களா, அண்ணி?" என்று கேட்டவன் என் கொழுந்தன். டிராக்டர் ஓட்டுகிறவன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கை கியரைத் தேடும் என்பதால் எல்லோருக்கும் அவன் 'கியர்'.

விருந்துதான். போன போகத்தில் களை மூடிக் கேரட் மண்ணோடு போனது. இந்த முறையும் அப்படியானால் குத்தகையை விட்டுவிட்டு, நகரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுப் பின்னறைக்குப் போய்விடலாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். நாத்தனார் வீட்டுப் பின்னறை! அதற்கு நான் களைக்கு நடுவிலேயே குடியிருப்பேன்.

களை பிடுங்கிப் பிடுங்கி நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். மேல்மண்ணில் கிடக்கும் களைவிதை ஈரமும் சூடும் வெளிச்சமும் பட்டால் முளைத்துவிடும். ஆழத்தில், இருட்டில் கிடப்பது வருடக்கணக்கில் தூங்கும். ஆகவே மேலே கிடப்பதை முதலில் முளைக்கவிட்டு, மண்ணைப் புரட்டாமல் மேலாகச் செதுக்கி எடுத்துவிட்டு, அப்புறம்தான் கேரட் விதைக்க வேண்டும். தூங்குகிறதை எழுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

நினைத்தபடியே வயல் முழுக்கக் களை முளைத்தது. நானும் அவரும் குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் செதுக்கினோம். மறுநாள் கேரட் விதை வாங்கப் போனோம்.

திரும்பி வந்தால் வயலுக்குள் டிராக்டர் நிற்கிறது. பாதி வயல் கறுப்பாகப் புரண்டு கிடக்கிறது. டீசல் தீர்ந்ததால் மீதிப் பாதி தப்பியது.

"நீங்க இடுப்பு ஒடிஞ்சது போதும்னு நானே உழுதுட்டேன், அண்ணி. அகல உழுவதை ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க?" அவனுக்கு முகமெல்லாம் பல்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "யாரு உன்னைக் கூப்பிட்டது? தூங்கிக்கிட்டிருந்ததை எல்லாம் எழுப்பி மேல கொண்டுவந்துட்டியே, தம்பி!"

"விடு, நல்லதுக்குத்தானே செஞ்சான்," என்றார் என் கணவர். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

"அந்தப் பாதிக்கு மறுபடி தண்ணி விட்டுக் காத்திருப்போம்," என்றேன்.

"வெயில் ஏறிட்டா கேரட் சரியா முளைக்காது. சேர்த்தே விதைச்சிடலாம்," என்றார் அவர்.

அதுவும் நியாயம்தான். விதைத்தோம்.

கேரட் ஆடி அசைந்து வெளியே வருவதற்குள், உழுத பாதியில் களை மெத்தை விரித்துவிட்டது. செதுக்கிய பாதியில் கேரட் வரிசை வரிசையாக நின்றது. களை அங்கொன்றும் இங்கொன்றும்தான். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல இருந்த இடம், டீசல் தீர்ந்த இடம்.

கியர் வந்து வரப்பில் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். இறங்கிக் களை பிடுங்க உட்கார்ந்துவிட்டான்.

என் கணவர் அந்தக் கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தார். பாதி விளைந்தால் அது வெற்றியா தோல்வியா என்று நாங்கள் பேசி வைக்கவில்லை.

"அக்காவுக்குப் போன் பண்ணணும்," என்றார்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அந்தப் பின்னறைய வேற யாருக்காவது விட்டுக்கச் சொல்லணும். இந்தக் கேரட்டை எடுத்ததும் முழு வயலுக்கும் தண்ணி விடலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கொழுந்தனிடம் போய்க் கையை நீட்டினேன்.

"தம்பி, டிராக்டர் சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும்."